பெயருக்கு முன்னால் பறவை
பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்கு ஏரிக்கரை வரும் புதியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளே,

பொங்கல் விடுமுறை நெருங்குகிறது. தமிழ்நாட்டின் ஏரிகளுக்கும் குளங்களுக்கும் இந்த முறையும் பறவைகளைக் கணக்கெடுக்க நிறையப் பேர் வரப்போகிறீர்கள். உங்களில் பலருக்கு இதுவே முதல் அனுபவமாக இருக்கும். உள்ளான்களை விட்டுவிட்டால், நீர்ப்பறவைகளில் பெரும்பாலானவற்றை ஓரிரு காலைப்பொழுதுகளில் கற்றுக்கொண்டுவிடலாம். நாரையும் கூழைக்கடாவும் நாமக்கோழியும் நீலத்தாழைக்கோழியும் கண்ணெதிரே நின்றும் மிதந்தும் நமக்கு வேண்டிய நேரத்தைக் கொடுக்கும். தலைக்கு மேலே போகும் பருந்துகளும் கழுகுகளும் அந்தச் சலுகையைத் தருவதில்லை. அரை நிமிடம்தான் தெரியும். அதிலும் பாதி நேரம் வெயிலுக்கு எதிரே வெறும் கரிய உருவமாகத் தெரியும். புத்தகத்தைப் புரட்டுவதற்குள் அடுத்த ஏரிக்குப் போய்விடும்.

இந்த மடலை அந்தப் பெரிய இரைகொல்லிப் பறவைகளுக்காக எழுதுகிறேன். உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். பெயரைத் தேடப் போகுமுன் பறவையைப் பார்த்து முடியுங்கள். பார்த்ததை எழுதுங்கள். பெயர் கிடைத்தால் சேருங்கள். கிடைக்காவிட்டால் அதையும் அப்படியே எழுதுங்கள். இது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில், எப்படிப் பார்ப்பது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

வானத்துக்கு முன் தண்ணீரைப் பாருங்கள்

வடகிழக்குப் பருவமழை முடிந்து தை பிறக்கும்போது நம் ஏரிகளில் தண்ணீர் நிற்கிறது. மீனும் தவளையும் பெருகியிருக்கும். வடக்கிலிருந்து வந்த நீலச்சிறகியும் ஊசிவால் வாத்தும் கூட்டம் கூட்டமாக அமர்ந்திருக்கும். பக்கத்து வயலில் எலிகளுக்குக் குறைவில்லை. இரை இருக்குமிடத்துக்கு இரைகொல்லி வரும். ஆண்டு முழுதும் இங்கேயே இருக்கும் கரும்பருந்து, செம்பருந்து ஆகியவற்றோடு குளிர்கால விருந்தாளிகளான சேற்றுப் பூனைப்பருந்தும் விராலடிப்பானும், சில பெரிய ஏரிகளில் பெரும்புள்ளிக் கழுகும் சேர்ந்துகொள்ளும்.

அவை வந்திருப்பதை நமக்கு முன்னால் தெரிந்துகொள்வது தண்ணீரில் இருக்கும் பறவைகள்தான். நாமக்கோழிகள் திடீரென ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நடுத்தண்ணீருக்கு ஓடினாலோ, ஏரியின் ஒரு மூலையிலிருந்து வாத்துகள் மொத்தமாக எழுந்தாலோ உடனே அவற்றின் மேலே பாருங்கள். கரும்பருந்து அந்தப் பக்கமாகப் போகும்போது வாத்துகள் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. பூனைப்பருந்தோ கழுகோ வந்தால்தான் இந்தக் கலவரம். காகங்களும் ஆட்காட்டிகளும் கத்திக்கொண்டு எதையாவது துரத்தினால் அதுவும் நல்ல தடயம். துரத்தும் காகத்தை வைத்துத் துரத்தப்படும் பறவையின் அளவைக் கணித்துக்கொள்ளலாம். வெற்று வானத்தில் அளவு நம்மை ஏமாற்றிவிடும். ஒப்பிட ஒரு காகம் பக்கத்தில் இருந்தால் ஏமாற மாட்டோம்.

நேரமும் கணக்கில் வரும். பெரிய கழுகுகள் அதிகாலையில் அநேகமாகப் பறப்பதில்லை. அகன்ற இறக்கைகளை அடித்துக்கொண்டே இருந்தால் உடல் சக்தி வீணாகும் என்பதால், தரை சூடேறி வெப்பக்காற்று மேலே எழும்வரை காத்திருக்கும். ஆகவே விடிந்ததும் பட்ட மரங்களையும், ஏரிக்குள் நிற்கும் கருவேல மரங்களையும், பனை உச்சிகளையும், மின்கம்பங்களையும், தண்ணீரில் மீனவர்கள் நட்ட கழிகளையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒன்பது மணிக்குப் பிறகு பார்வையை வானத்துக்கு மாற்றுங்கள். எந்த நேரமானாலும் வெயில் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கும்படி கரையில் நில்லுங்கள். எதிர்வெயிலில் வெள்ளை வயிறும் கறுப்பாகிவிடும்.

முதலில் கரும்பருந்து

கழுகு பார்க்க வந்தவரிடம் கரும்பருந்தைப் பாருங்கள் என்று சொன்னால் ஏமாற்றமாக இருக்கலாம். ஆனால் இந்தத் துறையில் தேர்ந்தவர்கள் எல்லாரும் அங்கிருந்துதான் தொடங்கினார்கள். கள்ளப்பருந்து என்றும் சொல்லப்படும் இது மீன் சந்தையிலும் குப்பைமேட்டிலும் தினமும் பார்க்கக் கிடைப்பது. இதை ஒரு முழுக் காலை உட்கார்ந்து பாருங்கள். வால் பிளவுபட்டிருக்கும். பறக்கும்போது அந்த வாலைப் படகின் சுக்கான்போல இடமும் வலமும் ஓயாமல் திருப்பிக்கொண்டே இருக்கும். இறக்கை மணிக்கட்டில் லேசாக மடங்கியிருக்கும். வட்டமடிக்கும்போது வாலை விரித்தால் பிளவு மறைந்துவிடும். இறகு உதிர்க்கும் காலத்திலும் பிளவு சரியாகத் தெரியாது. இவ்வளவையும் பழகிக்கொண்டால், பிறகு வானத்தில் எதைக் கண்டாலும் ‘இது கரும்பருந்திலிருந்து எப்படி வேறுபடுகிறது?’ என்ற கேள்வி தானாக எழும். அந்தக் கேள்விதான் வழிகாட்டி.

தெருமுனையில் வருவது நம் சித்தப்பாதான் என்று முகம் தெரிவதற்கு முன்பே நடையை வைத்துச் சொல்லிவிடுகிறோம் இல்லையா, பருந்தையும் அப்படித்தான் அடையாளம் காண வேண்டும். இறக்கையை எப்படிப் பிடித்திருக்கிறது, வால் என்ன வடிவம், எந்த உயரத்தில் பறக்கிறது, என்ன செய்கிறது என்ற நான்கையும் முதலில் கவனியுங்கள். நிறத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். ஒளி மாறினால் நிறம் மாறும். வயது மாறினாலும் மாறும். வடிவமும் பறக்கும் பாங்கும் அவ்வளவு எளிதில் மாறுவதில்லை.

குழப்பும் மூன்று பழுப்புப் பறவைகள்

வளர்ந்த செம்பருந்தை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. வெள்ளைத் தலை, வெள்ளை மார்பு, செங்காவி உடல். கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளும் பெரியவர்களை ஏரிக்கரையிலும் பார்ப்பீர்கள். குழப்பம் அதன் இளம்பறவையில்தான் தொடங்குகிறது. அது முழுக்கப் பழுப்பு. கரும்பருந்தும் பழுப்பு. சேற்றுப் பூனைப்பருந்தின் பெட்டையும் பழுப்பு. மூன்றும் ஒரே ஏரியில் ஒரே காலையில் பறக்கும். கணக்கெடுப்புகளில் மிகுதியான தவறுகள் இங்கேதான் நேர்கின்றன.

வாலில் தொடங்குங்கள். இளம் செம்பருந்தின் வால் குட்டையாக, நுனி வட்டமாக இருக்கும். எப்படித் திரும்பினாலும் அதில் பிளவு தெரியாது. அளவிலும் அது கரும்பருந்தைவிடச் சிறியது. கரும்பருந்து சுமார் 60 செ.மீ. நீளம் என்றால் இது 48 செ.மீ. அளவுதான். வால் நீளமாக, பிளவின்றி, உடல் ஒல்லியாக இருந்தால் பூனைப்பருந்தை நினையுங்கள்.

சேற்றுப் பூனைப்பருந்தை அது பறக்கும் விதமே காட்டிக்கொடுத்துவிடும். கோரைக்கும் சம்புக்கும் மேலே சில அடி உயரத்தில், சில அடிப்பு, பிறகு ஒரு மிதப்பு என்று ஏரியின் ஒரு கரையிலிருந்து மறுகரைவரை தேடிக்கொண்டே போகும். மிதக்கும்போது இரண்டு இறக்கைகளும் மேல்நோக்கி விரிந்து ஆழமற்ற ஒரு ‘வி’ வடிவத்தில் நிற்கும். பெட்டைக்கு உச்சந்தலையும் தொண்டையும் வெளிறிய வெண்ணெய் நிறம், மற்ற இடமெல்லாம் கரும்பழுப்பு. ஆணின் இறக்கையில் பழுப்பு, சாம்பல், நுனிக் கறுப்பு என மூன்று நிறம் தெரியும். திடீரென நின்று திரும்பிக் கால்களைத் தொங்கவிட்டுக் கோரைக்குள் விழுந்தால் தவளையோ எலியோ கிடைத்திருக்கும். ஐரோப்பாவிலிருந்து நடு ஆசியா வரையிலான பகுதிகளில் கூடுகட்டும் இந்தப் பறவை நம் ஊர்க் கோரைப்புதரை நம்பித்தான் குளிர்காலத்தைக் கழிக்கிறது. ஏரியைச் ‘சுத்தம்’ செய்கிறோம் என்று கோரை முழுவதையும் வாரி எடுத்துவிட்டால் அதற்கு வேட்டையாட இடமில்லாமல் போகும். ஆகாயத் தாமரையை அகற்றுவது வேறு, கோரையை அழிப்பது வேறு. ஏரி சீரமைப்பில் கைகொடுக்கும் இளைஞர்கள் இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

விராலடிப்பான்

தண்ணீருக்கு மேலே உயரத்தில் இறக்கையடித்தபடி ஒரே இடத்தில் நின்று, கால்களை முன்னால் நீட்டித் தண்ணீருக்குள் பாயும் பெரிய பறவையைக் கண்டால் அநேகமாக விராலடிப்பான்தான். இறக்கை விரித்தால் ஒன்றரை மீட்டருக்கும் மேல் இருக்கும். அடிப்பக்கம் வெள்ளை, மணிக்கட்டில் கறுப்புத் திட்டு, கண்ணின் குறுக்கே ஓர் அகன்ற கரும்பட்டை. நீண்டு ஒடுங்கிய இறக்கைகளை மடக்கிப் பிடித்திருப்பதால் எதிரே வரும்போது ஆங்கில ‘எம்’ எழுத்தைப் போலத் தெரியும்.

மீனைத் தவிர வேறெதையும் பெரும்பாலும் உண்ணாத இந்தப் பறவையின் உடல் அந்தத் தொழிலுக்கென்றே அமைந்திருக்கிறது. பாதத்தின் அடியில் முள்போன்ற சொரசொரப்பு உண்டு. வெளிவிரலைப் பின்னால் திருப்பி, முன்னே இரண்டு, பின்னே இரண்டு என்று மீனைப் பற்றும். மூழ்கும்போது நாசித் துளைகளை மூடிக்கொள்ளும். பிடித்த மீனைத் தலை முன்னால் இருக்கும்படி திருப்பிப் பிடித்துக்கொண்டு போகும். அப்படிப் போனால் காற்றின் தடை குறையும். இதையெல்லாம் ஒரு நல்ல பைனாகுலரில் நீங்களே பார்க்கலாம்.

ஒரே இடத்தில் நிற்பதை மட்டும் நம்பிப் பெயர் எழுதிவிடாதீர்கள். பாம்புகளை உண்ணும் வெளிர்நிறக் கழுகு ஒன்றும் அப்படி நிற்கும். ஆனால் அது வயல்வெளிக்கும் முட்புதர்க் காட்டுக்கும் மேலே நிற்கும், தண்ணீருக்குள் பாய்வதில்லை. தலை பருத்து ஆந்தையைப் போலிருக்கும். கண்பட்டையோ மணிக்கட்டுக் கறுப்போ இல்லை.

உண்மையான கழுகுகள்

பள்ளிக்கரணை போன்ற சதுப்புநிலத்திலோ பழவேற்காடு போன்ற பெரிய நீர்ப்பரப்பிலோ, அகன்ற, ஏறக்குறைய ஒரே சீரான அகலமுள்ள இறக்கைகளோடு ஒரு கரும்பழுப்புப் பறவை மெல்ல மிதந்தால், இறக்கை நுனியில் தனித்தனி விரல்களாக இறகுகள் பிரிந்து நின்றால், வால் குட்டையாக இருந்தால், மிதக்கும்போது இறக்கை நுனி சற்றே கீழே தாழ்ந்திருந்தால், கையில் உள்ள எல்லாவற்றையும் வைத்துவிட்டு அதை மட்டும் பாருங்கள். அது பெரும்புள்ளிக் கழுகாக இருக்கலாம். கிழக்கு ஐரோப்பாவிலும் சைபீரியாவிலும் கூடுகட்டும் பறவை. உலக அளவில் அழிவாபத்தை எதிர்நோக்கும் இனங்களில் ஒன்று. சதுப்புநிலங்களோடு பிணைந்த வாழ்வு; நாமக்கோழியும் தவளையும் மீனும் அதன் உணவு. இளம்பறவையின் இறக்கை மேற்புறத்தில் வெண்புள்ளிகள் வரிசை வரிசையாக இருக்கும். வயதாக ஆகப் புள்ளிகள் மறைந்து முழுப் பழுப்பாகிவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இந்தியப் புள்ளிக் கழுகு என்று நம் நாட்டிலேயே வாழும் நெருங்கிய உறவு ஒன்று உண்டு. அதுவும் அருகி வருவது. தொலைவிலிருந்து இரண்டையும் பிரிப்பது தேர்ந்தவர்களுக்கும் கடினம். இந்தியப் புள்ளிக் கழுகின் வாய்ப்பிளவு நீண்டு கண்ணின் பின்விளிம்பு வரை போகும். அதைப் பார்க்கப் பறவை அருகில் அமர்ந்திருக்க வேண்டும், அல்லது தெளிவான படம் வேண்டும். இரண்டும் இல்லையென்றால் ‘புள்ளிக் கழுகு, இரண்டில் ஒன்று’ என்று எழுதுங்கள். அது முழுமையான, மதிப்புள்ள பதிவு.

கரும்பருந்தளவே உள்ள சிறிய கழுகு ஒன்றும் குளிர்காலத்தில் வரும். பூட்டட் ஈகிள் என்று பறவை நோக்குவோர் சொல்வார்கள். கால்விரல் வரை இறகு மூடியிருக்கும். ஒன்று வெளிர் வயிறு, இன்னொன்று கரும்பழுப்பு என இரு வேறு நிறங்களில் இருப்பதால் இரண்டு இனமென்று தோன்றும். இரண்டுக்கும் பொதுவான அடையாளம் கழுத்தும் இறக்கையும் சேரும் இடத்தில் இருபுறமும் தெரியும் சிறு வெண்திட்டு. நேருக்கு நேர் வரும்போது இரண்டு விளக்குகள் போட்டதைப் போலப் பளிச்சிடும். வாலில் பிளவு கிடையாது.

கடலோர ஏரிகளிலும் கழிமுகங்களிலும் இருப்பவர்கள் வெண்வயிற்றுக் கடற்கழுகை எதிர்பார்க்கலாம். இறக்கை இரண்டு மீட்டர் அளவுக்கு விரியும். வளர்ந்த பறவையின் தலையும் வயிறும் வெள்ளை. பறக்கும் இறகுகள் கறுப்பு. வால் குட்டையாக ஆப்பு வடிவில் இருக்கும். இறக்கைகளை உயர்த்திப் பிடித்து மிதக்கும். ஒருமுறை பார்த்தால் மறக்காது.

வயதையும் எழுதுங்கள்

பெயரோடு நின்றுவிடாமல், வளர்ந்ததா இளம்பறவையா என்பதையும் முடிந்தவரை குறியுங்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஹாக் மவுண்டன் என்ற மலைமுகடு இருக்கிறது. வலசை போகும் பருந்துகளை வேட்டைக்காரர்கள் சுட்டுக்குவித்த இடம். 1934இல் அது சரணாலயமானது. அன்றிலிருந்து அங்கே கடந்து போகும் பறவைகளைக் கணக்கெடுத்துவருகிறார்கள். எண்ணியவர்கள் வெண்தலைக் கழுகுகளை இளையவை, வளர்ந்தவை என்று பிரித்து எழுதினார்கள். டி.டி.டி. பூச்சிக்கொல்லி பரவிய பின் இளம்பறவைகளின் பங்கு வெகுவாகக் குறைந்தது அந்த ஏடுகளில் தெரிந்தது. 1962இல் ரேச்சல் கார்சன் தம் ‘மௌன வசந்தம்’ நூலில் அதைச் சான்றாக எடுத்துக்காட்டினார். 1972இல் அமெரிக்கா டி.டி.டி.யைத் தடை செய்தது. முகட்டில் நின்றவர்கள் வெறுமனே ‘கழுகு’ என்று எழுதியிருந்தால் அந்தச் சான்று கிடைத்திருக்காது.

நம் நாட்டில் நடந்தது இன்னும் நெருக்கமானது. ராஜஸ்தானின் பரத்பூர் நீர்நிலையில் 1980களில் விபு பிரகாஷ் இரைகொல்லிப் பறவைகளை ஆராய்ந்து எண்ணிக்கைகளைப் பதிந்துவைத்தார். 1990களின் இறுதியில் மீண்டும் எண்ணியபோது பாறு எனும் பிணந்தின்னிக் கழுகுகள் சரிந்திருப்பது தெரிந்தது. முன்பு எழுதிய ஏடு இருந்ததால்தான் சரிவை நிறுவ முடிந்தது. கால்நடைகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலிநிவாரணி மருந்தே காரணம் என்று 2004இல் தெரியவந்தது; 2006இல் இந்தியா கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தது. இவ்வளவும் ஒருவர் ஒரு நீர்நிலையில் ஒழுங்காக எண்ணி எழுதிவைத்ததிலிருந்து தொடங்கியது.

பெயருக்கு அவசரப்படாதீர்கள் என்று மன்றாடுவது இதற்காகத்தான். ஊகித்து எழுதிய ஒரு ‘பெரும்புள்ளிக் கழுகு’, நிஜமாகவே அது வந்துபோகும் ஏரிகளின் பட்டியலைக் கெடுத்துவிடும். நாளைக்கு ஓர் ஏரியைக் காப்பாற்ற யாராவது அந்தப் பட்டியலைக் கையில் எடுத்துப் போனால், ஒரு பொய்ப்பதிவு மற்ற நூறு மெய்ப்பதிவுகளையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கும். சரியாக எழுதிய கரும்பருந்து, ஊகித்து எழுதிய கழுகைவிட எவ்வளவோ மேலானது.

எழுதுவதும் படமெடுப்பதும்

பறவை மறைந்ததும் முதலில் நோட்டை எடுங்கள், புத்தகத்தைப் பிறகு திறக்கலாம். நேரம், ஒளி எந்தப் பக்கம், எவ்வளவு தூரம், இறக்கைப் பிடிப்பு, வால், செய்த செயல், எந்தப் பறவையோடு ஒப்பிட்டு அளவைக் கணித்தீர்கள் என்பதையெல்லாம் எழுதுங்கள். அழகாக வரையத் தெரியாவிட்டாலும் ஒரு கோட்டுருவம் போடுங்கள். புத்தகத்திலுள்ள படத்தைப் பார்த்துவிட்டு எழுதினால், பார்க்காததையும் பார்த்ததாகக் கண் நம்பத் தொடங்கிவிடும். கேமரா இருந்தால் ஒரே ஒரு நல்ல படத்துக்குக் காத்திருக்காமல் தொடர்ந்து எடுங்கள். அடிப்பக்கம், மேற்பக்கம், விரிந்த வால் எல்லாம் கிடைக்கும். மங்கலான படத்தையும் அழிக்காதீர்கள். கைப்பேசிச் செயலி சொல்லும் பெயரை ஒரு துப்பாக வைத்துக்கொள்ளுங்கள். அதுவே தீர்ப்பாகிவிடக் கூடாது. பறவைப் பதிவுகளை ஏற்றும் இ-பேர்டு இணையதளத்தில் இனம் தெரியாத கழுகு என்று பதிய வழி இருக்கிறது. அதைத் தயங்காமல் பயன்படுத்துங்கள்.

அமர்ந்திருக்கும் கழுகை நெருங்காதீர்கள். வெப்பக்காற்று எழுவதற்கு முன் அதை எழுப்பிவிட்டால், அன்றைய வேட்டைக்கு வைத்திருந்த சக்தியை நமக்காகச் செலவழிக்கும். டிரோன் வேண்டவே வேண்டாம். கோழிக்கழிவை வீசிப் பருந்துகளைக் கூட்டிப் படமெடுப்பதும் வேண்டாம். கூடு கண்டால் இடத்தை ஊரறியச் சொல்லாதீர்கள்.

கரையில் ஆடு மேய்க்கும் அம்மாவிடமும் வலை வீசும் அண்ணனிடமும் பேசுங்கள். ‘மீன் அடிக்கிற பெரிய பருந்து எப்போ வரும்ணே?’ என்று கேட்டுப் பாருங்கள். எந்தக் கழியில் அமரும், எந்த மாதம் வந்து எந்த மாதம் போகும் என்பதை அவர்கள் சொல்வார்கள். அவர்கள் ஆண்டு முழுதும் அங்கே இருப்பவர்கள். உங்கள் நோட்டில் அவர்கள் சொன்னதற்கும் ஒரு பக்கம் இருக்கட்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பொங்கல் முடிந்ததும் நோட்டை மூடிவைத்துவிடாதீர்கள். உங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள ஓர் ஏரியைத் தேர்ந்தெடுங்கள். பேர்பெற்ற சரணாலயமாக இருக்க வேண்டியதில்லை. ஊர்க் கண்மாயே போதும். மாதம் ஒருமுறை அதே கரையில் நின்று, வந்த பருந்துகளை, வராத மாதங்களையும் சேர்த்து, எழுதிவையுங்கள். பத்து ஆண்டுகள் கழித்து அந்த ஏரியைப் பற்றி யார் எதைக் கேட்டாலும் பதில் சொல்ல உங்களிடம் ஏடு இருக்கும். அதில் தெரியாததைத் தெரியாது என்று எழுதிய பக்கங்களும் இருந்தால், தெரியும் என்று எழுதியதை எல்லாரும் நம்புவார்கள்.

அன்புடன்,
ஏரிக்கரையில் உங்களை எதிர்பார்க்கும் ஒரு பறவை நோக்காளர்